இடுப்பில் ஒன்றரை அங்குலம்

தம்பி, நீ அனுப்பிய பெட்டி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே ஐந்து காற்சட்டைகள். ஐந்திலும் இடுப்பை ஒன்றரை அங்குலம் பெரிதாக்க வேண்டும் என்று ஒரு துண்டு எழுதிக் குத்தியிருந்தாய். அன்று பின்னேரமே போனில் உன் செய்தியும் வந்தது. "அம்மா, சின்னனோ பெரிசோ எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை. வாற கிழமை சனிக்கிழமை வேண்டப் போறன்." வேறு யாராவது அதை வாசித்திருந்தால் பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் வாங்குகிறாய் என்று நினைத்திருப்பார்கள். இடுப்பில் மறைத்துக்கொண்டு திரிய எந்தப் பிஸ்டல் நல்லது என்று தாயிடம் கேட்கிற பிள்ளை உலகத்திலேயே நீ ஒருவன்தான் இருப்பாய். நான்கு நாளாகப் பதில் போடாமல் இருக்கிறேன். போனில் எடுத்துச் சொன்னால் நீ "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று என்னைச் சுருட்டி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். சனிக்கிழமைக்கு முதல் நீ இதை முழுக்க வாசிக்க வேண்டும்.

முதலில் என்னுடைய முட்டாள்தனத்திலிருந்து தொடங்குகிறேன். போன கோடையில் நீயும் மதுராவும் ஹூஸ்டனில் இருந்து வந்தபோது இதேபோல நான்கு காற்சட்டைகளைக் கொண்டுவந்து என் தையல் மெசின் மேல் வைத்தாய். "அம்மா, உதுகளிலை இடுப்பைக் கொஞ்சம் பெருப்பிச்சுத் தாங்கோ" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? மகன் கலியாணம் கட்டி ஒரு வருஷமாகிறது, உடம்பு வைத்திருக்கிறான். உன் முகத்தைப் பார்த்தேன், அது பழையபடி ஒட்டித்தான் இருந்தது. ஆம்பிளைகளுக்கு இடுப்பில்தான் முதலில் சதை வைக்கும், முகத்துக்கு மெதுவாகத்தான் வரும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் இந்தப் பதினொராம் மாடியில் இருந்துகொண்டு இருபத்தைந்து வருஷமாக ஊராருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள், சொந்தப் பிள்ளையின் இடுப்பில் ஒரு தரம் நாடாவைச் சுற்றிப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது. சாறிப் பிளவுஸ் தைக்க வந்த பெண்டுகள் எல்லோரிடமும் சொன்னேன். அதோடு விட்டேனா? மதுராவின் அம்மாவுக்குப் போன் எடுத்து, பிள்ளைக்கு நன்றாகச் சமைக்கப் பழக்கியிருக்கிறீர்கள் என்று நன்றி வேறு சொன்னேன். மனுசி "ஓம், ஓம்" என்று இழுத்தா. அந்த வீட்டில் சமைக்கிறது நீதான் என்று எனக்குப் பிறகுதானே தெரியும்.

ஒக்டோபரில் நான் உங்களிடம் வந்தேன். மதுராவுக்கு அப்போது நாலாம் மாதம். பிளேனால் இறங்கிய என்னை அவள்தான் வந்து கூட்டிக்கொண்டு போனாள். நீ வேலை முடிந்து பின்னேரம் வந்தாய். வாசலிலேயே உன்னைக் கட்டிப்பிடித்தேன். உன் வலப்பக்க இடுப்பில் என் கை பட்டது. போன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கைக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. நாற்பது வருஷத்துக்கு முதல் ஒரு தரம் பிடித்துப் பார்த்த பொருளை என் கை மறக்கவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "அம்மா, பயப்பிடாதேங்கோ, இது இஞ்சை லீகல். கிறீன் கார்ட் வந்தாப் பிறகு முறைப்படி வேண்டினது" என்றாய். நான் குனிந்து உன் காற்சட்டையைப் பார்த்தேன். நான் தைத்ததுதான். என் தையல், என் நூல். உன் உடம்பு ஒரு அங்குலம்கூட ஏறியிருக்கவில்லை. அந்தச் சாமான் இருப்பதற்கு நான் இடம் விட்டுத் தந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா, மதுராவின் அம்மாவுக்குப் போன் எடுத்ததை நினைத்து வெட்கம் வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மூன்றும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். "சாப்பிடேக்கையாவது கழட்டி வையன்" என்றேன். நீ போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாய். இங்கே ஸ்காபரோவில் ஒருவன் இதை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனால் பொலிஸ் பிடித்து மறியலில் போட்டுவிடும். உங்கள் ஊரில் அதோடுதான் பால் வாங்கப் போகிறார்கள். மூன்றரை மணித்தியாலப் பறப்புக்குள் சரியும் பிழையும் இடம் மாறிவிடுமா என்று அன்று யோசிக்கத் தொடங்கியவள் இன்னும் முடிக்கவில்லை.

அடுத்த நாள் "அம்மா, கடைக்குப் போட்டு வருவம்" என்றாய். மரக்கறிக் கடை என்று நினைத்துப் பையையும் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினேன். அந்தக் கடை நம்முடைய நகைக்கடை மாதிரியே இருந்தது. கண்ணாடி அலுமாரி, உள்ளே வெளிச்சம், விலை எழுதிய சின்னச் சின்ன மட்டை. கடைக்காரர் என் வயது மனுசன், மரியாதை தெரிந்தவர். மெத்தென்ற விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அட்டியல் காட்டுகிற மாதிரி. உன்னிடம் இருப்பது பெரிது, காரில் இருந்தால் விலாவில் குத்துகிறது, அதனால் பாதி நாள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறாய், ஆனபடியால் அளவாக ஒன்று வேண்டும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினாய். அவர் சொல்லச் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொன்னாய். பெரிதென்றால் கை நிறையப் பிடிக்கலாம், குறி தப்பாது, ஆனால் உடுப்புக்கு மேலால் துருத்தும். சின்னதென்றால் ஒளிக்கலாம், ஆனால் சுடும்போது கையில் துள்ளும். எனக்கு அதுதான் முதலில் விளங்கவில்லை. சின்னது எப்படிக் கூடத் துள்ளும்? பிறகு என் மெசின்களை நினைத்தேன். பழைய இரும்பு மெசின் தடித்த துணியிலும் அசையாது. நீ வாங்கித் தந்த அந்தப் பாரமில்லாத மெசின் மேசை விளிம்பு வரைக்கும் நடந்து போகும். சரி, ஒன்று விளங்கிவிட்டது என்று கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அதற்குப் பிறகு குண்டின் அளவுக்கு வந்தீர்கள். என் தலை சுற்றத் தொடங்கியது. ஒன்பது என்றார், அது மில்லிமீற்றர். நாற்பத்தைந்து என்றார், அது அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. துணிக்கடையில் ஒருவன் இப்படிக் கலந்து விற்றால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். பிறகு முந்நூற்றெண்பது என்று ஒன்றை எடுத்து வைத்தார். இதுதான் பெரிதாக்கும் என்று பார்த்தால், இருந்ததற்குள் அதுதான் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒன்பதும் முந்நூற்றெண்பதும் ஏறக்குறைய ஒரே தடிப்புத்தான் அம்மா, இரண்டாவதன் தோட்டா கட்டை, அடி குறைவு என்று நீ சொன்னாய். நூலிலும் எண் கூடக் கூட நூல் மெலியும், அப்படித்தானோ என்று நான் கேட்டேன். நீ அதை அவருக்குச் சொல்ல அவர் தலையாட்டினார். பாதி சரி என்ற மாதிரித் தலையாட்டல். ஒன்பது போதும், கன பேர் அதைத்தான் கொண்டு திரிகிறார்கள், முந்நூற்றெண்பது மெல்லிய உடுப்புக்கு நல்லது, ஆனால் ஆளை நிற்பாட்டுமா என்று உறுதி சொல்ல ஏலாது என்றார். ஆளை நிற்பாட்டுவது. பஸ்ஸை நிற்பாட்டுகிற மாதிரிச் சொல்கிறார்கள். நான் வாய் தவறிக் கேட்டேன், "எது கொஞ்சம் நோகாது?" நீ திரும்பிப் பார்த்தாய். "ஆருக்கம்மா? சுடுறவனுக்கோ?" யாருக்காகக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. பிஸ்டல் உறை சரிபார்ப்பதற்கென்று அவர்களிடம் நீலப் பிளாஸ்டிக்கில் அதே அளவில் பொம்மைகள் இருந்தன. நீ சின்னதை ஒரு தரமும் ஒன்பதை ஒரு தரமும் செருகிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாய். "அம்மா, நீங்கள்தானே தையல்காரி. தெரியுதோ எண்டு பாருங்கோ." அந்த ஒரு சொல்லில் நான் தாய் என்பதை மறந்துபோனேன். "குனி. கையைத் தூக்கு. கதிரையிலை இரு. எழும்பு. திரும்பு" என்றேன். முதுகில் மடிப்பு வைத்துத் தைத்தால் சட்டை பின்னால் தளர்ந்து விழும், பக்கத்தில் வெட்டு வைக்காதே, கீழ்மடிப்பை இரண்டு அங்குலம் இறக்கு, வெள்ளையும் ஒற்றை நிறமும் காட்டிக் கொடுக்கும், சின்னக் கட்டம் போட்ட துணி எடு என்று மடமடவென்று சொன்னேன். கடைக்காரர் என்னை வேலைக்கு வரச் சொன்னார். நான் சிரித்தேன், தம்பி. இரண்டு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "சின்னன்தான் நல்லம், தெரியவே இல்லை" என்று தீர்ப்பும் சொன்னேன். காருக்கு வந்து பெல்ற்றைப் போடும்போதுதான், கொண்டுபோன மரக்கறிப் பை இன்னும் கையில் இருப்பதைக் கண்டேன்.

அந்தக் காரில் வைத்துத்தான் நீ விஷயத்தைச் சொன்னாய். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிவிட்டு, ஓட்டாமல், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். பெற்றோல் அடிக்க நிறுத்தின இடத்தில் ஒருவன் வந்து கதவைத் திறந்து மதுராவின் தலையில் பிஸ்டலை வைத்தானாம். "என்ரை ரெண்டு கையும் ஸ்ரியரிங்கிலை இருந்ததம்மா. நான் ஒண்டும் செய்யேல்லை. மது அழுதுகொண்டு நீங்கள் போட்ட காப்பைக் கழட்டிக் குடுத்தவள். கழருதில்லை எண்டு அவளின்ரை கையை அவன் முறுக்கினவன். நான் பாத்துக்கொண்டு இருந்தனான்." காப்பு எங்கே என்று நான் வந்த அன்றே மதுராவைக் கேட்டேன். லொக்கரில் இருக்குது மாமி என்றாள். நான் உடனே நம்பி, கவனமான பிள்ளை என்று மெச்சவும் செய்தேன். காப்பு போகட்டும், அது கிடக்கட்டும். நீ எட்டு மாதமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, என்னோடு ஒவ்வொரு ஞாயிறும் போனில் சிரித்துச் சிரித்துக் கதைத்திருக்கிறாய். உடனே கழட்டி எறி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். உன் கைகளைப் பார்த்தேன், இரண்டும் ஸ்ரியரிங்கில் இருந்தன.

இனி நான் என்னுடையதைச் சொல்ல வேண்டும். உன் சின்ன மாமா ஷெல்லடியில் செத்தவர் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய். என் சின்னண்ணா இயக்கத்தில் இருந்தவன். அப்போது ஊரில் எனக்குப் பத்தொன்பது வயது. தையல் வகுப்பில் முதலாவதாக வந்த திமிர் இருந்த காலம். ஒரு நாள் மத்தியானம் சைக்கிளில் வந்து, குசினிக்குள் அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கிக் காட்டினான். சின்னப் பிஸ்டல், கைக்குள் அடங்கும். "இது நழுவாமல் இருக்க உள்ளுக்குள்ளை ஒரு பை தைச்சுத் தாவன்" என்றான். நான் அதைக் கையில் வாங்கி, விரலால் அளந்து, தடித்த காக்கித் துணியில் பை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவன் போட்டுப் பார்த்துவிட்டு, "தெரியுதோ?" என்று கேட்டான். பையின் ஆழம் காணாது, பிடி வெளியே நிற்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். பிரித்துத் தைக்க நேரமில்லை, பிழையாகத் தைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. "இல்லை" என்றேன். அவன் படலையைத் தாண்டிச் சைக்கிளில் காலைப் போட்டான். சட்டை மேலே இழுபட்டது. பிடி தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்டுகள் நின்றார்கள். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? அவன் போய்விட்டான். சந்தியில் ஆமி மறித்தது. பிடி தெரிந்துதான் மறித்தார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, யாரோ முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது என்று இன்னொருவர் சொன்னார். அவன் அதை எடுக்கப் போனபடியால்தான் சுட்டார்கள், பேசாமல் நின்றிருந்தால் அடித்துவிட்டு விட்டிருப்பார்கள் என்றும் சொன்னார்கள். அது இல்லாமல் போயிருந்தால்? இன்னும் ஆழமாகத் தைத்திருந்தால்? நான் கூப்பிட்டிருந்தால்? இதுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. நேற்று வரைக்கும் உன் அப்பாவுக்குக்கூட அந்தப் பையைப் பற்றிச் சொன்னதில்லை.

அப்பாவுக்கு நேற்றுத்தான் எல்லாம் சொன்னேன். அதுவரை அவரும் கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் "மோன் நல்லா உடம்பு வைச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். சின்னண்ணாவின் கதையைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உன் கதையைச் சொன்னேன். குதிப்பார், உடனே உனக்குப் போன் எடுத்து ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எத்தினை குண்டு கொள்ளுமாம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திரகாளி மாதிரிக் கோபமும் வந்தது. இன்று காலையில் இருந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். "இஞ்சை பாரும், சின்னன் சரிவராது. பெரிசா வேண்டச் சொல்லும், பிறகு உதவும்" என்கிறார். உனக்குத் தெரியும்தானே அவரை. வளருவாய் வளருவாய் என்று இரண்டு அளவு பெரிதாகத்தான் உனக்குக் குளிர் ஜக்கற் எடுப்பார். பனியில் பள்ளிக்கூடம் போகும்போது உன் கை வெளியே தெரியாது. நீ வளர்ந்து அது அளவாகும்போது ஜிப் உடைந்திருக்கும். ஒரு நாளும் உனக்கு அளவான ஜக்கற் நாங்கள் போட்டு அனுப்பவில்லை. பெரிதென்றாலும் பிழை, சின்னதென்றாலும் பிழை என்கிற வீட்டில் பிறந்துவிட்டு எங்களிடம் போய் அளவு கேட்கிறாய்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சின்னது வேண்டாம். அதைப் பிடித்தபோது உன் சின்னவிரலுக்கு இடம் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. துள்ளுகிற சாமானை மூன்று விரலால் பிடித்து நீ யாருக்குப் படப் பண்ணப் போகிறாய்? பக்கத்தில் மதுரா இருப்பாள், பின்சீற்றில் பிள்ளை இருக்கும். ஒன்பதும் வேண்டாம் என்றுதான் எழுத வருகிறது. ஆனால் அந்தப் பெற்றோல் அடிக்கிற இடத்தை நினைத்தால் பேனை ஓடவில்லை. வாங்குவதென்றால் ஒன்பதை வாங்கு, பழகாமல் கொண்டு திரியாதே, வீட்டுக்குள் வந்த உடனே பூட்டி வை என்று எழுதினேன். எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு தாய் எழுதுகிற எழுத்தா இது? வெட்டிவிட்டேன். பிறகு வெட்டியதை நீ வாசிக்கக்கூடிய மாதிரி மெல்லிய கோட்டால்தான் வெட்டினேன் என்று கண்டேன். தம்பி, எனக்கு ஒரு முடிவும் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் தெரியவே இல்லை என்று நான் சொன்னது பொய். கதிரையில் இருந்து நீ எழும்பியபோது சின்னதின் பிடி சட்டைக்குள்ளால் முக்கோணமாகத் துருத்தியது. ஒன்பது அதைவிட மோசம். என் வாய்க்கு "இல்லை" என்றுதான் சொல்ல வருகிறது. அதற்கு ஒரு தரம் விலை கொடுத்தும் அது திருந்தவில்லை. இரண்டும் தெரிகிறது, ராசா.

ஐந்து காற்சட்டையையும் தைத்து முடித்துவிட்டேன். நீ கேட்ட அளவுக்கே தைத்திருக்கிறேன். இறுக்கித் தைத்து அனுப்பினால் நீ உந்த ஊரில் வேறு தையல்காரியிடம் கொடுப்பாய், அவள் தையலை ஒழுங்காகப் பூட்ட மாட்டாள், பிரிந்துவிடும். பங்குனியில் பிள்ளை பிறக்கும்போது வருகிறேன், ரிக்கற் போட்டாயிற்று. வந்து வாசலில் நிற்கும்போது நீ அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிளேனில் திரும்பி வந்துவிடுவேன் என்று எழுத வேண்டுமென்றுதான் காலையில் இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அப்படித்தான் எழுதச் சொன்னார். என்னால் அது ஏலாது. நீ கழற்றி வைத்தாலும் வருவேன், வைக்காவிட்டாலும் வருவேன். இதை நான் எழுதியிருக்கக் கூடாது, இனி நீ கழற்ற மாட்டாய்.

அம்மா